பாக்கும் ஹாம்ஸ்டரின் கன்னமும்

யங்கோனில் காளி கோயில் இருக்கும் அனவ்ரதா சாலைப் பக்கம் போனால், தெருமுனைக்குத் தெருமுனை குன்யா கடைதான். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கைத் தூவி, கேட்பவருக்குப் புகையிலையும் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். நம் தாம்பூலத்துக்கு நெருங்கிய உறவு. மியன்மாரில் 2014இல் எடுத்த கணக்குப்படி, ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். அதில் பெரும்பங்கு வெற்றிலையோடு சேர்ந்தே வாய்க்குள் போகிறது.

“கெடுதல் எல்லாம் புகையிலையில்தான், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது” என்று யங்கோனிலும் சொல்வார்கள், தஞ்சாவூரிலும் சொல்வார்கள். இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க உதவியது ஒரு சிறு கொறிவிலங்கு.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று வருவதைப் பற்றி ஓர் என்ற மருத்துவர் 1933இலேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். அவர் பார்த்தது திருவிதாங்கூர் நோயாளிகளை; இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. ஆனால் நோயாளியின் வாயில் இலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. குற்றவாளி யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஒருவருக்குப் பாக்கை மட்டும் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்க்க வேண்டும். மனிதரிடம் அதைச் செய்ய முடியுமா? விலங்கிடம் போனது அதனால்தான்.

அந்த விலங்கு ஹாம்ஸ்டர். 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே மண்ணைத் தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளும்தான், இன்று உலக ஆய்வகங்களில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதைகள். தானியத்தை அடக்கிக்கொள்ள அதன் வாயின் இருபுறமும் பை உண்டு. அந்தப் பையை வெளியே புரட்டி மருந்தைத் தடவலாம், வாரந்தோறும் கட்டி வளர்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். 1954இல் சாலி என்பவர் டிஎம்பிஏ என்ற ரசாயனத்தைத் தடவி அதில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்.

அதே பையில் வெற்றிலைச் சரக்குகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் ஏமாற்றம். கட்டி வரவில்லை என்று 1962இல் டன்ஹாமும் ஹெரால்டும் எழுதினார்கள். தோல்வியையும் அச்சில் ஏற்றினார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 1971இல் சூரியும் தோழர்களும் பாக்கின் சாரத்தை ஒரு கரைப்பானில் எடுத்துத் தடவினார்கள். இம்முறை கட்டி வந்தது, அதுவும் புகையிலையே இல்லாமல். பிறகு மும்பையில் கமல் ரணதிவேயின் குழு, வெற்றிலை போடுவதையும் வாய்ப்புற்றையும் பற்றி ஹாம்ஸ்டர்களில் செய்த சோதனைகளை 1979இல் வெளியிட்டது.

இத்தனைக்குப் பிறகும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் கண்டித்தது புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டும்தான். வெறும் பாக்குக்கு மனிதரிடம் போதிய சான்று இல்லை என்றது. கரைப்பானில் ஊறிய சாரத்தை யாரும் மெல்லுவதில்லையே. அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. முடிச்சு அவிழ்ந்தது தைவானில். அங்கே பாக்கு மெல்லுகிறவர்கள் புகையிலை சேர்ப்பதில்லை. அவர்களிடம் வாய்ப்புற்றைக் கண்ட ஆய்வுகளும் சேர்ந்த பிறகு, 2004இல் வெளியான தொகுதியில் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று முகமை எழுதியது. ஹாம்ஸ்டர் சொல்லி முப்பத்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது!

இடையில் எலிகள் வேறொரு தடயம் கொடுத்தன. பாக்கிலுள்ள அரெக்கோலினிலிருந்து நைட்ரோசமைன் என்ற வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்றை எலிகளுக்குச் செலுத்தியபோது உணவுக்குழாயில் கட்டிகள் வந்தன. அதே சேர்மம் வெற்றிலை மெல்லுகிறவர்களின் எச்சிலிலும் அகப்பட்டது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஹாம்ஸ்டரின் கன்னப்பையில்தான் மூலிகைகளைச் சோதிக்கிறார்கள். வாரம் மூன்று முறை, பதினான்கு வாரம் டிஎம்பிஏ தடவினால் கட்டி தவறாமல் வரும். மூலிகை கொடுத்த விலங்குகளில் அது குறைகிறதா என்று பார்ப்பார்கள். “வாய்ப்புற்றைத் தடுக்கும் மூலிகை” என்று செய்தி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கட்டியை உண்டாக்கியது டிஎம்பிஏ. குன்யா கடையில் அது கிடையாது.