மீதி இரத்தத்தைக் காத்தவர்கள்

பட்டம் பெறும் இளைஞர்களே, 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மேடையில் பேச அழைத்ததற்கு நன்றி.

மருத்துவ ஆய்வில் பெயர் வெளியே தெரியாத உழைப்பாளிகளுக்கு நாம் தரும் இடம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், தானே தணியும், பிறகு திரும்பும். இந்நோய்க்கு முக்கியக் காரணி எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்பதற்கு வலுவான சான்று 2022-இல்தான் கிடைத்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். போதிய இரத்த மாதிரி இருந்த 801 நோயாளிகளில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் அந்த வைரஸ் தொற்று முன்பே இருந்தது. தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. அந்த மாதிரிகள் எங்கிருந்து வந்தன? எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் மீந்த சீரம் அது. யாரோ அதைக் கொட்டிவிடாமல், பெயரும் தேதியும் ஒட்டி, பல ஆண்டுகள் உறைநிலையில் பாதுகாத்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட மூளைக்குத்தானே பெருமை என்பீர்கள். கேட்டது பெரிய காரியம்தான். ஆனால் சீரம் இல்லையென்றால் அந்தக் கேள்வி கேள்வியாகவே நின்றிருக்கும்.

பெயர் வெளியே தெரியாத உழைப்பு என்றதும் இதே கடலூர் மாவட்டத்துத் திருவதிகையை நினைக்கிறேன். சூலை நோயோடு வந்த தம்பியைத் திருநாவுக்கரசராக உலகம் அறிகிறது. அவர் வந்து சேரும்வரை வீரட்டானக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து வந்தவர் தமக்கை திலகவதியார். அவருடைய தொண்டு தடையின்றி நடந்துகொண்டிருந்ததால்தான் நோயோடு ஓடிவந்தவருக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது. இதைச் சமயக் கதையாக மட்டும் நாம் படிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தியாவில் அரிதான நோய்க்கு இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மங்களூரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி லட்சம் பேரில் எட்டுப் பேருக்குச் சற்று அதிகமாக இந்நோய் இருந்தது. நகரத்துக் கணக்கை அப்படியே கிராமங்களுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் 26 லட்சம் மக்கள் இருந்த கடலூர் மாவட்டத்துக்கு அதே விகிதம் என்றால் இருநூறு பேருக்கு மேல் வரும். மேல்நாட்டு ஆய்வே நமக்குப் போதுமே என்பது அடுத்த வாதம். அது ஆபத்தானது. இதே நோய் என்று ஆசியாவில் நெடுநாள் எண்ணப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய். அதை அடையாளம் காட்டும் எதிர்ப்புரதம் 2004-இல்தான் வெளிவந்தது. முதல் நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா இரண்டாவதை மோசமாக்கக்கூடும். ஆகவே நம் நோயாளியின் சீரத்தை நம் ஊரிலேயே சோதித்தாக வேண்டும். மங்களூர்க் குழு நோயாளிகளின் பதிவேட்டைப் பராமரிப்பதோடு அந்தச் சோதனையையும் தங்கள் ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது. அங்கே சோதனைக்கான செல்களை வளர்ப்பவரும், பதிவேட்டை நிரப்புபவரும், பஸ் ஏறி மறுபடி மறுபடி இரத்தம் கொடுக்க வருகிற நோயாளியும் ஆய்வாளர்களே.

உங்களில் பலர் பேராசிரியராவீர்கள், சிலர் ஆய்வகத் தலைவராவீர்கள். திட்ட நிதி முடிந்ததும் டெக்னீசியனை அனுப்பிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவரோடு பத்து வருடக் கைப்பழக்கமும் போய்விடுகிறது. முதல் நிதிக் கோரிக்கை எழுதும்போது அவருடைய சம்பளத்தையும் உறைபெட்டிக்கான ஜெனரேட்டர் செலவையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டுரை வெளியாகும்போது அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்துவிடுங்கள்.