பிறப்பும் குணமும்: அனிலின் சொல்லும் பாடம்



இன்று சாமியைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. ஓர் எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதன் பெயர் அனிலின். அமீன் என்னும் இரசாயன இனத்தைச் சேர்ந்தது. புதிதாய் வடித்தால் நிறமில்லை, காற்றுப்பட்டால் பழுப்பாகும், 184 டிகிரி உஷ்ணத்தில் கொதிக்கும்.

1826-ல் உன்வெர்டோர்பென் என்ற ஜெர்மானியர் இதை அவுரி நீலத்தைக் காய்ச்சி எடுத்தார். 1834-ல் ரூங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒன்று செடியில் வந்தது, மற்றொன்று நாறும் தாரில் வந்தது. ஆகவே வெவ்வேறு பெயர் வைத்து, வெவ்வேறு வஸ்து என்றே எண்ணினார்கள். 1843-ல் ஹாப்மன் சோதித்துப் பார்த்து, எல்லாம் ஒன்றே என்று ருசுப்படுத்தினார். செடியில் பிறந்ததற்கு உயர்வுமில்லை, தாரில் பிறந்ததற்குத் தாழ்வுமில்லை. ஓர் எண்ணெய்க்கே இல்லாத பிறவிப் பேதம் மனிதனுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

1856-ல் பெர்க்கின் என்ற 18 வயதுப் பிள்ளை லண்டனில் கொயினா மருந்து செய்யப் போய், அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டார். அதிலிருந்து பெரும் சாயத்தொழில் கிளம்பிற்று. இன்று அனிலினில் பெரும்பகுதி பாலியூரித்தேன் செய்யவே போகிறது. குளிர்பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை அதுதான்.

ஆனால் இது விஷம். தோல் வழியாகவே உடலில் ஏறும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். அதைக் கண்டு காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்தால் ஆள் போய்விடுவான். நனைந்த துணியைக் களைந்து, உடம்பை நன்றாய்க் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே கொடுக்கும் மருந்து மெதிலீன் நீலம். அதுவும் 1876-ல் அனிலின் வழியில் செய்யப்பட்ட ஒரு சாயமே!

1895-ல் ரேன் என்ற பிராங்பர்ட் வைத்தியர், சாய ஆலைத் தொழிலாளருக்கு மூத்திரப்பையில் கட்டி வருவதைக் கண்டார். "தலைவிதி" என்று சும்மா இருக்கவில்லை. தொழிலே காரணம் என்று எழுதினார். பின்வந்தோர் ஆராய்ந்து, முக்கியக் குற்றவாளிகள் அனிலினின் இனத்தைச் சேர்ந்த பென்சிடீனும் பீட்டா நாப்தைலமீனும் என்று கண்டார்கள். பல நாடுகள் அவற்றைத் தடுத்தன. விதி என்று விட்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

ஆகவே, ஆலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தாயத்துக் கட்டி அனுப்பாதீர்கள். கையுறையும் நல்ல காற்றோட்டமும் முதலாளியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தாயத்து நூல் அனிலினைத் தடுக்காது.