பிரெஞ்சு கற்க விழையும் மாணவி
(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு நம் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று நிருவாகிகளிடையே விவாதத்தை விளைத்தது. பதினோராம் வகுப்பிற் பயிலும் மாணவி யொருத்தி, பிரெஞ்சு மொழி பயிலுதற்குரிய கட்டணத்தையும் ஓர் அகராதியையும் வேண்டியிருந்தாள். "வீட்டிலே கன்னடம், வீதியிலே தமிழ், பள்ளியிலே ஆங்கிலம், இவை போதாவோ? தறி நெய்யும் குடும்பத்துக்குப் பிரெஞ்சு எதற்கு?" என்று பெரியோர் சிலர் வினவினர். வினா மதிக்கத்தக்கதே. அதற்கு விடை கூறவே நாம் எழுந்தோம்.

தறி நெய்யும் குடும்பத்துக்குப் பிரெஞ்சு முற்றிலும் அயலன்று. பூவேலைக்கு இழைகளைத் தூக்கித்தரும் ஜக்கார்டுப் பெட்டி, பிரான்சு தேசத்து லியோன் நகரில் நெசவாளர் குடியிற் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கியது. அப்பெயரைப் பிரெஞ்சுக்காரர் 'ழக்கார்' என்பர். துளையிட்ட அட்டைகளால் இழைகளை ஆளும் அக்கருவியை அவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்தார். நம்மவர் அவர் பெயரை நாடோறும் உச்சரிக்கின்றனர். அவர் எந்நாட்டார் என அறிந்தவரோ சிலரே. துணிக்கடையிலும் அம்மொழி புகுந்துள்ளது. 'வாயில்' சேலையின் பெயர் முகத்திரை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று வந்தது. 'ஷிஃபான்' என்பதற்கோ அங்கே கந்தல் என்றும் பொருளுண்டு. விலை கொடுத்து வாங்கிய தாய்மார்கள் இதனைக் கேட்டு வருந்தற்க!

அம்மாணவியின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். பக்கந்தோறும் நான்கு கட்டங்கள்: பிரெஞ்சு, தமிழ், கன்னடம், ஆங்கிலம். நாம் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் ஆளறிந்து பேசுவதுபோலப் பிரெஞ்சிலும் 'த்யூ', 'வூ' என இரண்டு உள. கன்னடத்தில் 'நீனு', 'நீவு' உள. ஆங்கிலக் கட்டத்தில் மட்டும் ஒரே சொல்லை இருமுறை எழுதி, அருகே ஒரு வினாக்குறி இட்டிருக்கின்றாள். ஆங்கிலம் ஒன்றே அறிந்தோர் இடறும் இடத்தில் இவள் இடறவில்லை.

அதனினும் நம்மை மகிழ்வித்தது வேறொன்று. பிரெஞ்சில் 'அ' என்னும் வினையை அடுத்து 'இல்' என்னும் சொல் வந்து வினாவாகும்போது, ஈருயிரும் மோதாதபடி நடுவே 'த்' என்னும் மெய் தோன்றுகின்றது. "இது நம் உடம்படுமெய் போன்றதன்றோ?" என்று அவள் எழுதியிருக்கின்றாள். தமிழிலக்கணத்தை மனம்வைத்துப் படித்தவளுக்கன்றி இவ்வொப்புமை தோன்றுமோ? மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என அம்மொழி அஃறிணைப் பொருளுக்கும் பால் வகுத்துள்ளதைக் குறித்து, "காரணம் காணேன், மனனம் செய்கின்றேன்" என்று மட்டும் எழுதியுள்ளாள்.

மேனிலை வகுப்புகளில் தமிழை விடுத்து அதற்கீடாகப் பிரெஞ்சை எடுப்போர் பலர் என்பதை நாம் அறிவோம். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் காரணம். தேர்வு முடிந்ததும் அம்மொழி அவர்களைவிட்டு நீங்குகின்றது. தமிழும் முன்னரே நீங்கிற்று. இதற்கு நம் நிதியிலிருந்து ஒரு காசும் வழங்கலாகாது என்பதே நம் கருத்தும். இவளோ தமிழைப் பாடமாகவே கொண்டு, பிரெஞ்சை மாலைவேளையிற் பயில விரும்புகின்றாள். 1908-இல் புதுச்சேரி புகுந்து பத்தாண்டு வாழ்ந்த பாரதியார், பிரெஞ்சு தேசிய கீதத்தைத் தமிழாக்கினார். வேற்றுமொழி அறிவால் அவர் தமிழ் குன்றியதென எவரும் கூறார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. அப்புத்தகத்தின் கன்னடக் கட்டம் முழுதும் தமிழெழுத்திலேயே இருந்தது. கேட்டபோது, "பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது" என்றாள். அவள் தாயும் அறியார், பாட்டியாரும் அறியார். ஐந்து தெரு தள்ளி விசாரித்தாலும் நம் இல்லங்களிற் பெரும்பாலும் இதுவே நிலை. பிரெஞ்சு கற்பிக்க ஆசிரியர் கிடைக்கின்றார். தாய் பேசும் மொழியின் எழுத்தைக் கற்பிக்க நம் தெருவில் ஒருவரும் இலர்.

ஆகவே, அவள் வேண்டிய கட்டணத்தையும் அகராதியையும் வழங்குவதோடு, ஒரு கன்னட அரிச்சுவடியையும் சேர்த்து வழங்குமாறு நிதிக்குழுவினரை வேண்டுகின்றோம். எழுத்தறிந்த முதியோர் எவரேனும் இச்சபையில் இருப்பின், கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து காண்பாராக.