இருபது பை சில்லறை



2024 டிசம்பரில் கோவை குடும்ப நீதிமன்றத்துக்கு ஒருவர் இருபது பைகளைச் சுமந்துகொண்டு வந்தாரே, படித்தீர்களா? மனைவிக்கு ஜீவனாம்சமாக 80,000 ரூபாய். அவ்வளவும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசு! நோட்டாக மாற்றிக் கொண்டுவா என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜெய்ப்பூரில் ஏழு மூட்டையில் 55,000 ரூபாய் வந்தது. "பலே ஆளுப்பா, நல்லாப் பழி வாங்கிட்டான்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் காசாகக் கொடுத்தால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது இருக்கட்டும். இத்தனை காசு சேர்க்க எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பார்! பணமில்லாத ஆள் செய்கிற வேலையா இது?

இதே ஜீவனாம்சத்துக்காக அலைகிற, நம்ம ஊர்ப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிற ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகள். புருஷன்மேல் மனுப் போட்டபோது மூத்தவள் மூன்றாம் வகுப்பு. ஆர்டர் வந்தபோது ஏழாம் வகுப்பு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நோட்டீஸ் சேர்ந்தால்தானே? 'கதவு பூட்டியிருந்தது.' 'ஆள் ஊரில் இல்லை.' மாரியம்மன் திருவிழாவில் தீர்த்தக்குடம் எடுத்து ஆடிய ஆளை ஊரே பார்த்தது, நோட்டீஸ் கொண்டுபோனவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை! வாய்தா. வக்கீல் வரவில்லை, வாய்தா. ஐயா லீவு, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளுக்கு ஒரு ஷிப்டு போச்சு. "இன்னிக்கு வாய்தாம்மா, நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன்" என்று சின்னவன் சொல்வானா?

வருமானம் என்ன என்று கோர்ட்டில் கேட்டதும் இரண்டு லாரி வைத்திருந்தவர் கூலிக்காரர் ஆகிவிட்டார். லாரி தம்பி பேரில், வீடு அம்மா பேரில். சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தீர்ப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை!

'கொடுத்தால் அவள் பட்டுப்புடவை எடுப்பாள்' என்று சில ஆண்கள் சங்கத்துக்காரர்கள் மைக் பிடிக்கிறார்கள். ஐயா, அவளுக்கு வந்த ஆர்டர் மாதம் 4,000 ரூபாய். ஸ்கூல் பீஸ், வேன் வாடகை, பால், மருந்து போக மிச்சத்தில் பட்டு தருகிற கடை எங்கே இருக்கிறது? சொல்லுங்கள், கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போவோம்! 2001 வரை மத்தியச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதாவது இவர்களுக்குத் தெரியுமா?

இப்போது மூத்தவள் பத்தாம் வகுப்பு. தொகை மட்டும் அதே 4,000. கூட்டிக் கேட்க வேறு மனு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127-வது பிரிவு, புதியதில் 146. அந்த 4,000-மும் வரவில்லையா? அதற்கும் அவள்தான் மனுப் போட வேண்டும். பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் வாரண்ட் கிடையாது. வாரண்ட் வாங்கினாலும் போலீசுக்கு வீட்டைக் காட்ட அவளே நடக்க வேண்டும். ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை ஜெயில் உண்டு. ஜெயிலுக்குப் போனாலும் பாக்கி தீராது என்று 1989-லேயே தீர்ப்பு உண்டு. வசூல் வேலை மட்டும் அவள் தலையில்!

பைக்குக்கு இரண்டு தவணை தவறினால் பைனான்ஸ்காரன் வாசலில் நிற்கிறான், வண்டியைத் தூக்குகிறான். கரண்ட் பில் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்குகிறார்கள். பிள்ளைச் சோற்றுக் கடனைக் கேட்க மட்டும் இந்த நாட்டில் ஆளில்லையா? ஆஸ்திரேலியாவில் 1988-லிருந்து அரசே சம்பளத்தில் பிடித்துத் தாயிடம் கொடுக்க ஏற்பாடு உண்டு. இங்கே சம்பளத்தை ஜப்தி செய்ய வழியிருந்தாலும், அதற்கும் அவளே மனு, அவளே அலைச்சல், அவளுக்கே ஷிப்டு நஷ்டம். அரசே வசூல் செய்! சம்பளத்திலேயே பிடி!

வருகிற வியாழக்கிழமை அவளுக்கு மறுபடி வாய்தா. ஷிப்டு விட முடிந்தவர்கள் காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலுக்கு வந்துவிடுங்கள். திருவிழாவில் அந்த ஆளைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் நில்லுங்கள்.