ஓசோன் கொடுத்த அடைக்கலம்

குளோரோஃபுளோரோகார்பன் (சிஎஃப்சி) என்னும் வாயுவுக்குத் தரையில் எதிரி கிடையாது. தீப்பற்றாது, நாறாது, மழையில் கரைந்து இறங்காது, காற்றில் உள்ள எதனோடும் வினைபுரியாது. அதற்காகவே அது உருவாக்கப்பட்டது. அதற்கு முன் குளிர்பதனப் பெட்டிகளில் ஓடியவை அம்மோனியாவும் கந்தக டைஆக்சைடும் மெத்தில் குளோரைடும். குழாய் கசிந்தால் வீட்டில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. 1930-இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி, அறிவியலாளர் கூட்டமொன்றில் புதிய வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, அதை ஊதியே மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, நெருப்பும் இல்லை என்பதை மெய்ப்பிக்க அந்த ஒரு மூச்சு போதும்.

பெட்டியிலிருந்து கசிந்த வாயு பிறகு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 1971-இல் ஷேக்கிள்டன் என்ற கப்பலில் அண்டார்க்டிகா நோக்கிப் புறப்பட்ட அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் வழிநெடுகக் காற்றைச் சோதித்தார். ஆலை வாடையே படாத நடுக்கடலிலும் அது இருந்தது. அளவு சொற்பம் என்பதால் அவர் அதை ஆபத்தாக எண்ணவில்லை. கலிபோர்னியாவின் இர்வைனில் வேதியியலாளர்கள் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மோலினாவும் கேட்டது வேறு கேள்வி: தரையில் அழியாதது கடைசியில் எங்கேதான் அழியும்? 1974 ஜூனில் 'நேச்சர்' இதழில் அவர்கள் சொன்ன விடை, மேலே, சூரிய ஒளியில் என்பது.

காற்றைவிட நான்கு மடங்கு கனமான வாயு மேலே ஏறுமா? ஏறும். பல பத்து கிலோமீட்டர் உயரம் வரை வாயுக்களைக் கலப்பது எடையல்ல, காற்றின் வீச்சு. வெப்பமண்டலத்துக்கு மேலே மெல்ல எழும் காற்றோட்டம் இந்த மூலக்கூறுகளை அடுக்கு மண்டலத்துக்குள் ஏற்றிவிடுகிறது.

அங்கே உடைவது ஏன், கீழே உடையாதது ஏன்? கார்பனையும் குளோரினையும் கட்டியிருக்கும் பிணைப்பு அவ்வளவு வலுவானதல்ல. ஆற்றலை மட்டும் கணக்கிட்டால், தரை வரை வந்து சேரும் புற ஊதா ஒளியே அதை முறித்துவிடும். ஆனால் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. ஒளியை மூலக்கூறு உட்கொள்ளவும் வேண்டும். தரைக்கு வரும் ஒளியை இந்த வாயு தீண்டுவதே இல்லை. அது உட்கொள்வது இன்னும் குறுகிய அலைநீளங்களை. அவற்றில் ஒரு பகுதியை ஆக்சிஜனும் மற்றொரு பகுதியை ஓசோனும் வழியிலேயே மடக்கிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 190 முதல் 220 நானோமீட்டர் வரை, ஓர் இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்கு வழியே வரும் ஒளியும் கீழே வரவர மங்கிவிடும். ஆகவே மூலக்கூறு 25 கிலோமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ ஏறினால்தான் அந்த ஒளி அதன்மீது தக்க அளவில் விழும். ஓசோன் படலத்தின் பெரும்பகுதியைக் கடந்த பிறகே இந்த வாயு உடைகிறது என்று பொருள். தன்னை அழிக்கப்போகும் பொருளுக்கு அதுவரை நிழல் கொடுத்துக் காத்ததில் ஓசோனுக்கும் பங்கு உண்டு!

ஒளி பட்டதும் குளோரின் அணு ஒன்று கழன்றுகொள்கிறது. மிச்சத்தில் உள்ள குளோரின்களும் அடுத்தடுத்த வினைகளில் வெளியேறுகின்றன. கழன்ற அணு ஓசோனைத் தாக்கி அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது. அது தனி ஆக்சிஜன் அணு ஒன்றைச் சந்தித்தால், இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து விலக, குளோரின் மறுபடியும் தனியாகிறது. போன இடத்தில் செலவாகாமல் திரும்பிவரும் அணு அடுத்த ஓசோனைத் தேடுகிறது. இப்படி ஓர் அணு சுமார் 1 லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. ஃபுளோரின் என்ன ஆகிறது? அது ஹைட்ரஜனோடு கெட்டியாகப் பிணைந்து அடங்கிவிடுகிறது. குளோரினும் அவ்வப்போது ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் சிறைப்படுவது உண்டு. ஆனால் அந்தச் சிறைக்குப் பூட்டு கிடையாது.

அந்தக் கதவு அகலத் திறந்தது அண்டார்க்டிகாவில். குளிர்கால இருளில் அங்கே அடுக்கு மண்டலத்தின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது மேகங்கள் உண்டாகின்றன. அவற்றின் துகள்களின் மேல் சிறைப்பட்ட சேர்மங்கள் இரண்டும் வினைபுரிந்து குளோரின் வாயுவை விடுவிக்கின்றன. இந்த விளக்கத்தை 1986-இல் முன்வைத்தவர்களில் முதன்மையானவர் சூசன் சாலமன். வசந்தம் பிறந்து சூரியன் திரும்பியதும் அந்த வாயுவை அணுக்களாகப் பிரிக்கக் கடும் புற ஊதாக் கதிர்கூடத் தேவையில்லை, சாதாரண வெயிலே போதும். அந்த அணுக்கள் ஓசோனை அழித்ததால் உண்டானதுதான் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஜோசப் ஃபார்மன் குழுவினர் கண்ட ஓசோன் ஓட்டை. முன்பு 300 டாப்சன் அலகு (காற்றில் உள்ள ஓசோனை அளக்கும் அலகு) அளவில் இருந்த அக்டோபர் மாத ஓசோன், 1984-க்குள் 200-க்கும் கீழே போயிருந்தது. 1985-இல் அந்தச் செய்தி வெளிவந்தது. 1987 செப்டம்பர் 16-இல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மோலினாவுக்கும் ரோலண்டுக்கும் பால் குருட்சனோடு சேர்த்து 1995-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உற்பத்தி நின்றுபோனாலும் வாயு உடனே நீங்குவதில்லை. அதைப் பெருமளவில் அழிக்கும் இடம் முன்பு சொன்ன அந்த அடுக்கு மண்டல உயரம்தான். அங்கே ஏறும் காற்றோ ஆண்டுக்குச் சிறிதளவே. அதனால் சிஎஃப்சி-11 வகையின் சராசரி ஆயுள் 50 ஆண்டுகளை ஒட்டியது. குளிர்பதனப் பெட்டிகளில் மிகுதியாகப் பயன்பட்ட சிஎஃப்சி-12-க்கோ ஏறத்தாழ 100 ஆண்டுகள். 1980-களில் கசிந்த வாயுவில் ஒரு பெரும்பங்கு இன்னும் உடையாமல் காற்றில் இருக்கிறது.