கண் தெளியும் வரை

மன்னாரின் பேசாலைக் கரையில் வயது போன கடற்றொழிலாளர் பலருக்குக் கண்ணில் வெண்புரை. நெடுநாள் வெயிலும் ஒரு காரணம். சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பார்கள். 1949-இல் லண்டனில் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிய முறை இது. அதற்குப் போகுமுன், பல்லில் சீழ் இருந்தால் முதலில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கிருமியோடு கண் சத்திரசிகிச்சைக்குப் போவது ஆபத்து.

சிகிச்சை பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் முடியும். பிறகுதான் பாடு. சில கிழமைக்குக் கடல் குளிப்பு இல்லை, பாரம் தூக்கல் இல்லை, கண்ணைக் கசக்கவே கூடாது. மணல் பறக்கும் மன்னார்க் காற்றில் இது லேசல்ல. கரைவலை இழுத்த கை வாடியில் சும்மா இருக்குமா? “நாங்க இழுக்கிறம், நீங்க இருங்க அண்ணே” என்று சொல்லக் கூட்டாளிகள் வேண்டும். கையைக் கழுவி, கீழிமையை மெல்ல இறக்கி, ஒரு சொட்டு மருந்து விடவும் அவர்கள்தான் வேண்டும். அயலில் யாரும் இந்தச் சிகிச்சை செய்துவிட்டு இருந்தால் இன்று பின்னேரம் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.