இருபத்து நான்கு நாளும் நாற்பது நாளும்

நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஜேம்ஸ் கிளாவல் 1986இல் வெளியிட்ட ‘வேர்ல்விண்ட்’ நாவலை வைத்து இத்துறையில் நெடுநாளாக ஒரு வழக்கு நடக்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலைப் படித்து முடித்தவருக்கு ஈரான் புரட்சி விளங்கிவிடும் என்பது நண்பர்கள் கட்சி. விளங்காது என்பது என் கட்சி. நான் அதை வெறும் விறுவிறுப்புக் கதை என்று தள்ளவில்லை. இரண்டு முறை படித்தவன். அங்கே ஹெலிகாப்டர் ஓட்டிய வெளிநாட்டு விமானிகளின் தவிப்பும், அவர்களை மணந்த ஈரானியப் பெண்களின் இருதலைக்கொள்ளி நிலையும் அதில் உயிரோடு இருக்கின்றன.

என் குறை காலத்தைப் பற்றியது. கதை 1979 பிப்ரவரி 9இல் தொடங்கி மார்ச் 4இல் முடிகிறது. அதற்கு முன்பே, ஜனவரி 16இல், மன்னர் ஷா நாட்டை விட்டுப் போய்விட்டார். பிப்ரவரி 1இல் மதத் தலைவர் கொமெய்னி நாடு திரும்பிவிட்டார். மக்கள் பெரும்பாட்டை முடித்த பிறகுதான் கிளாவல் கதவைத் திறக்கிறார். ஆகவே தெருவில் வரும் கூட்டம் எங்கிருந்தோ கிளம்பிய சூறாவளியாகத் தெரிகிறது. தலைப்பே அதுதான். ஆனால் அந்தக் கூட்டம் நாள் குறித்து வந்த கூட்டம்.

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். 1978 ஜனவரி 7இல் ‘எத்தெலாஆத்’ நாளிதழ் கொமெய்னியை இழிவுபடுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டது. 9ஆம் தேதி கோம் நகரில் சமயக்கல்வி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஷியா மரபில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள் நினைவு கூர்வார்கள், பாரசீகத்தில் ‘செஹெலோம்’. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணிப் பாருங்கள்: ஜனவரி 9க்கு நாற்பதாம் நாள் பிப்ரவரி 18. அன்று தப்ரீஸில் துக்கம் காக்க வந்தவர்களுக்குப் பள்ளிவாசல் கதவு அடைக்கப்பட்டிருந்தது. துக்கம் கலவரமாயிற்று, வங்கிகளும் ஆளுங்கட்சியான ரஸ்தாகீஸின் அலுவலகமும் தாக்கப்பட்டன, மீண்டும் சாவு. அதிலிருந்து நாற்பது நாள் எண்ணினால் மார்ச் 30. அந்த நாளையொட்டி யஸ்தில் ஊர்வலம், சூடு, சாவு. இன்னொரு நாற்பது, மே 9. அந்த வாரம் மறுபடியும் கோம், மறுபடியும் தப்ரீஸ், இன்னும் பல ஊர்கள். கூட்டம் கூட்டாதே என்று அரசு சொல்லலாம், துக்கம் காக்காதே என்று எப்படிச் சொல்லும்? சாவு ஒவ்வொன்றும் அடுத்த கூட்டத்துக்குத் தானே தேதி குறித்தது. ஜூன் நடுவில், அடுத்த நாற்பதாம் நாளில், வீட்டிலேயே இருங்கள் என்று போராட்டத் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள், சங்கிலி தளர்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு நாடு சேர்ந்து நடக்கப் பழகிவிட்டது. இருபத்து நான்கு நாளுக்குள் நிற்கும் கதையில் ஒரு நாற்பதுகூட அடங்காது. பக்கம் எத்தனை கூட்டினாலும் அடங்காது.

அப்படியானால் எதைப் படிப்பது என்று கேட்பீர்கள். ஈரானிய எழுத்தாளர் சிமின் தானேஷ்வரின் ‘சவுஷூன்’ நாவல். 1969இல் வந்தது, புரட்சிக்குப் பத்து ஆண்டு முன்னால். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஷிராஸ், அந்நியப் படைக்குத் தானியம் விற்க மறுக்கும் யூசுஃப், அவன் கொலை, மனைவி ஸரி. கடைசியில் அவன் சவ ஊர்வலமே எதிர்ப்பு ஊர்வலமாகிறது, அதை மறிக்கிறார்கள். துக்கம் எப்படி அரசியலாகும் என்பதை அந்தச் சிறிய நூல் அறிந்திருந்தது.

1978 ஜூனுக்குப் பின் நடந்த ஆபாதான் ரெக்ஸ் திரையரங்கத் தீ, ஜாலே சதுக்கத் துப்பாக்கிச் சூடு, எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆகியவற்றையும் பேச எண்ணியிருந்தேன், நேரமில்லை. மாணவர்களுக்குச் சில ஆய்வுப் பரிந்துரைகள்: தௌலதாபாதியின் ‘கெலிதார்’ நாவல் பத்துத் தொகுதிகள், நீளத்தைப் பற்றிப் பேசுவோர் அதை முதலில் எடுக்க வேண்டும். பார்சிபூரின் ‘தூபா’ நாவலைப் பெண்கள் பக்கமிருந்து யாராவது ஆராயலாம். கொமெய்னியின் பேச்சுகள் ஒலிநாடாவில் ஊர் ஊராகப் போனதும், கேட்டவர்கள் அவற்றைப் படியெடுத்துப் பரப்பியதும் தனி ஆய்வு. பாரசீகம் கற்கத் துணியும் ஒருவர் இருந்தால் ‘சவுஷூ’னிலிருந்தே தொடங்கட்டும், என்னிடமுள்ள படியைத் தருகிறேன்.